ஆழ்வார்குறிச்சி வண்டியின் ஏ.சி.

6 ஏப்ரல் 1992, திங்கள்

காலையில் இரண்டு ஃப்ரிட்ஜ், ஒரு ஐஸ்கிரீம் பெட்டி. மத்தியானம் சாப்பிடப் போகலாம் என்று எழுந்தபோது ஒரு பெரியவர் கடை வாசலில் வந்து நின்றார். ஆழ்வார்குறிச்சி சிவசண்முகம் பிள்ளை. கேள்விப்பட்ட பெயர்தான். ஒரு காலத்தில் நிறைய வயல் இருந்த குடும்பம்.

"குவைத்துல அமெரிக்கக் கார் ஏ.சி. பாத்த எஸ்றா நீருதானா?"

நான்தான். பதினொரு வருஷம் பார்த்தேன். அங்கே சண்டை வந்து வெறுங்கையோடு ஊர் திரும்பியபின் பாளையங்கோட்டையில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கக் கார் என்ற பேச்சைக் கேட்டே ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டியாம். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது இவர் அப்பா வாங்கியது. ஏ.சி.யோடு கப்பலில் வந்த வண்டி. ஏ.சி. ஓடி இருபது வருஷம் ஆயிற்று. இப்போது எதற்கு என்று கேட்டேன்.

"வீட்டுல அவளுக்கு இருதயம் பெருத்திருக்கு. பத்து நாளைக்கு ஒருதரம் இங்கன டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரணும். சூடு தாங்க மாட்டேங்கா. போன தடவ சேரன்மகாதேவி தாண்டல, மயங்கிட்டா."

புதன்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். சாப்பிடும்போது மனைவி ஞானத்திடம் சொன்னேன். "உங்க முகத்துல இப்படி ஒரு வெளிச்சம் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

8 ஏப்ரல், புதன்

வண்டி அழகு. நீலமும் வெள்ளையும். கதவைச் சாத்தினால் வங்கிப் பெட்டகம் சாத்துகிற சத்தம். டிரைவர் முத்துமாலைதான் இருபத்திரண்டு வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்.

கம்ப்ரஸர் கையால் திருப்பினால் சுற்றுகிறது. பெரிய நிம்மதி. தண்டு வழியாகக் கேஸ் கசிந்து போயிருக்கிறது. ஹோஸ்கள் எல்லாம் அப்பளம். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு டிக் டிக் சத்தம். அங்கே கேஸ்கெட் போயிருக்க வேண்டும். முத்துமாலையிடம் சொன்னேன். "அது பத்து வருஷமா அப்படித்தான் அண்ணாச்சி" என்றார். இன்ஜின் வேலை என் வேலை இல்லை. விட்டுவிட்டேன்.

வீட்டம்மா சொர்ணாம்பாள் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பேச்சில் கேலி போகவில்லை.

"இருபது வருஷமா இந்த வண்டியில வெந்துகிட்டே போயிருக்கேன். ஒரு தடவையாவது கண்ணாடிய ஏத்திவிட்டு, தலமுடி கலையாம, ராணி மாதிரி போய் இறங்கணும். முடியுமா தம்பி?"

முடியும் அம்மா என்றேன்.

11 ஏப்ரல், சனி

மேலப்பாளையம் போய் அசன் மைதீனைப் பார்த்தேன். குவைத்தில் ஒரே அறையில் இருந்தவர். இப்போது சாமான் வியாபாரம். ஹோஸ், தண்டு சீல் எல்லாம் பம்பாயிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்றார். "ஏ.சி. ஓடிச்சுன்னா என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகணும் பாத்துக்கிடும்."

15 ஏப்ரல், புதன்

வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்து விட்டார் முத்துமாலை. தெருவே கூடிவிட்டது. சாமானும் வந்துவிட்டது. கம்ப்ரஸரைப் பிரித்துச் சீல் மாற்றினேன். கை எதையும் மறக்கவில்லை.

18 ஏப்ரல், சனி

நேற்று பெரிய வெள்ளி, வேலை இல்லை. இன்று புது ஹோஸ்களைப் பூட்டினேன். பழைய வழியில் போகவில்லை. புது ஹோஸ் தடிமன். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற தகரத்தில் இன்னொரு துளையைப் பெரிதாக்கி அதன் வழியாக விட்டேன். பழைய துளையில் இருந்த ரப்பர் அடைப்பு கையில் எடுத்ததும் பொடிந்து போயிற்று. அந்த அளவு ரப்பர் கையில் இல்லை. இப்போதைக்குக் கழிவுப் பஞ்சை வைத்து அடைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். ரப்பர் வாங்கிப் போட வேண்டும். நாளை ஈஸ்டர். திங்கட்கிழமை வண்டியைக் கொடுத்தாக வேண்டும்.

20 ஏப்ரல், திங்கள்

கேஸ் ஏற்றினேன். பத்து நிமிஷத்தில் உள்ளே குவைத் கார்களின் குளிர்!

கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து சோதித்தேன். இறங்கும்போது தலை கனத்தது. காலையில் சாப்பிடவில்லை.

பிள்ளையும் அம்மாவும் வாடகைக் காரில் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். அம்மா முன்னால் வருகிற காற்றில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். "ஏங்க, மார்கழி மாதிரி இருக்குங்க." பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

இந்த ஊரில் நான் செய்த வேலைகளில் இதுதான் வேலை.

27 ஏப்ரல், திங்கள்

முத்துமாலை டவுனுக்கு ஏதோ வாங்க வந்தவர் கடையில் எட்டிப் பார்த்தார். வண்டி பிரமாதமாம். "ஆனா அண்ணாச்சி, ஏ.சி. போட்டு ஓட்டினா தலை வலிக்கி. ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது."

பழக்கமில்லாத குளிர்ச்சி, போகப் போகச் சரியாயிரும் என்றேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

4 மே, திங்கள்

அக்கினி நட்சத்திரம் தொடங்கியாயிற்று. கடைத் தகரக் கூரையின் கீழே நிற்க முடியவில்லை.

7 மே, வியாழன்

அசன் மைதீன் சாயங்காலம் வந்து சொன்னார். ஆழ்வார்குறிச்சி அம்மா தவறிவிட்டார். இன்று காலை. வண்டியில்.

டாக்டரிடம் வருகிற வழியில் பிள்ளைக்குப் பத்திர ஆபீசில் ஒரு கையெழுத்து இருந்ததாம். அம்மாவை வண்டியில் உட்கார வைத்து, ஏ.சி. நிற்கக் கூடாது என்று இன்ஜினையும் ஓடவிட்டு உள்ளே போயிருக்கிறார். முக்கால் மணி நேரம். முத்துமாலை தலை சுற்றுகிறது என்று இறங்கி மரத்தடிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அம்மா சாய்ந்து தூங்குவது போல இருந்தாராம்.

இருதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவ்வளவு மோசமாகவா இருந்தது?

8 மே, வெள்ளி

போயிருந்தேன். ஆற்றங்கரையில்தான் எரித்தார்கள். ஆற்றில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை.

அம்மாவின் தம்பி, பாபநாசம் என்று பேர், எல்லார் முன்னாலும் முத்துமாலையை அறைந்தார். "எங்க அக்கா மூச்சுக்குத் தவிக்கும்போது நீ மரத்தடியில பீடி குடிச்சியால?" முத்துமாலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறைந்த பக்கத்தைத் தடவக்கூட இல்லை. பிள்ளை சிதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படித்துறையில் நின்றேன். அம்மாவைக் குளிப்பாட்டிய பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். "செத்த முகமாவா இருந்துச்சு? வெளிறியிருந்தவ, கன்னமெல்லாம் ரோஸ் பவுடர் போட்டாப்ல செவந்துல்லா இருந்தா. மகராசி."

செவந்து.

குவைத்தில் ஒரு குளிர்காலம். மணல்வெளியில் நின்ற பிக்கப்பில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கிய இரண்டு பேரைக் காலையில் இறக்கினோம். இரண்டு முகமும் அப்படித்தான் சிவந்திருந்தன. புகைக்குழாய் ஓட்டை. இன்ஜின் புகையில் மணம் இல்லாத ஒரு விஷம் இருக்கிறது, அது இரத்தத்தில் ஏறினால் முகம் இப்படி ஆகும் என்று அங்கே டாக்டர் சொன்னார்.

டிக் டிக் சத்தம். பஞ்சு. டேப். அந்தச் சூட்டில் டேப் எத்தனை நாள் ஒட்டியிருக்கும்? ஓடும் வண்டியில் காற்று புகையைக் கொண்டுபோய்விடும். நின்ற வண்டியில்— ஏ.சி. காற்றாடி அந்தத் துளை வழியாக உள்ளேதானே இழுக்கும்?

அந்த ரப்பரை நான் வாங்கவே இல்லை. மறந்தே போனேன். கர்த்தாவே, எப்படி மறந்தேன்?

9 மே, சனி

கடை திறக்கவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன்.

10 மே, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஆராதனையில் பாடும்போது வாய் அசைத்தேன், சத்தம் வரவில்லை.

ஒருவேளை இருதயமாகவே இருக்கலாம். பெருத்த இருதயம்தானே. டாக்டரே எழுதியிருக்கிறாரே.

12 மே, செவ்வாய்

இருதயம் இல்லை. எனக்குத் தெரியும்.

16 மே, சனி

அசன் மைதீன் வந்தார். பாபநாசம் புகார் கொடுத்து, முத்துமாலையை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்களாம். வேலையும் போய்விட்டது. அதைவிட மோசம், அவர் மகளுக்குக் கடையத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கருத்தையா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாராம், முதலாளியம்மாவைச் சாகவிட்ட வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று.

அசன் மைதீன் பேசிக்கொண்டே இருந்தார். நான் ஒரு திருகாணியைத் தேடுவது போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அவர் போகும்வரை நிமிரவில்லை.

17 மே, ஞாயிறு

சொன்னால் ஜெயில். கடை போகும். ஞானம் தெருவில் நடக்க முடியாது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

19 மே, செவ்வாய்

"என்னன்னு சொல்லிருங்க" என்றாள் ஞானம். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா பத்து நாளா சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு வைக்கீங்க?"

22 மே, வெள்ளி

இன்று அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அசன் மைதீன் போய்விட்டு வந்து சொன்னார். பிள்ளையின் மகள் சித்ரலேகா மூன்று மாதக் கைக்குழந்தையோடு துக்கத்துக்கு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குத் திரும்புகிறாள். அந்த வண்டியில். வெயிலுக்குக் குழந்தை தாங்காது, ஏ.சி. போட்டுக் கூட்டிப் போ என்று புது டிரைவரிடம் சொல்லியிருக்கிறார்களாம்.

ஞானத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "இப்பவே கிளம்புங்க" என்றாள். மணி ஏழு. கடைசி பஸ் போயிருக்கும் என்றேன். "அப்ப விடிஞ்சதும் முத பஸ்ஸு" என்றாள். 

23 மே, சனி

எழுத முடிகிறவரை எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். வண்டி வெளியே நின்றது. புது டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தேன். டேப் சுருண்டு தொங்குகிறது. பஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. துளை என்னைப் பார்த்தது. இரண்டு விரல் போகிற துளை.

பிள்ளை கூடத்தில் இருந்தார். பாபநாசமும் இருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"ஐயா, அம்மாவக் கொன்னது வியாதி இல்ல. முத்துமாலை அண்ணாச்சியும் இல்ல. வண்டிப் புகை. நான் அடைக்காம விட்ட ஓட்டை வழியா வந்திருக்கு."

பஞ்சு, டேப், தலைவலி என்று முத்துமாலை வந்து சொன்னது, நான் சிரித்தது எல்லாம் சொன்னேன். பாபநாசம் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார். பிள்ளை, "விடு அவரை" என்றார். அவர் குரல் அப்படி இருந்தது; பாபநாசம் விட்டுவிட்டார்.

"உமக்கு இது எப்பத் தெரியும்?"

"எட்டாம் தேதி ஐயா. ஆத்தங்கரையில வச்சு."

சுவரில் இருந்த அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்ல ஐயா. தலை வலிச்சிருக்கும். அப்புறம் தூக்கம்தான்."

"தலை வலிக்கின்னு சொன்னா" என்றார். "வரும்போதே, அம்பாசமுத்திரம் தாண்டினதும் சொன்னா. வெயிலுக்குத்தான் வலிக்கின்னு நான்தான் முத்துமாலைகிட்ட ஏ.சி.ய இன்னும் கூட்டுன்னேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரை அப்படிப் பார்ப்பதற்கு, அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சித்ரலேகா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் படியிறங்கும்போது பிள்ளை கூப்பிட்டார். "நாளைக்கு வாரும். நீரு வச்சதையெல்லாம் நீரே கழத்தி எடும்."

24 மே, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஆழ்வார்குறிச்சி போனேன். மகளும் பேரனும் காலையில் ரயிலுக்குப் போய்விட்டார்களாம்.

பிள்ளை வண்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதலில் கேஸைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று வந்து தீர்ந்தது. பிறகு ஹோஸ், கம்ப்ரஸர், உள்ளே இருந்த காற்றாடி. சாயங்காலம் நாலு மணி வரை ஆயிற்று. வெயில் அவர் காலில் ஏறி, மடியில் ஏறி, முகத்துக்கு வந்தது. அவர் நாற்காலியை நகர்த்தவில்லை.  அவர் வீட்டில் யாரும் எனக்குத் தண்ணீர் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தபின் எழுந்து வந்து பார்த்தார். "இவ்வளவுதானா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

26 மே, செவ்வாய்

பிள்ளையும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "டாக்டர் இருதய வியாதின்னு எழுதியிருக்காரு. பிரேதப் பரிசோதனை கிடையாது. எரிச்சாச்சு. சாம்பல வச்சு என்ன கேஸ் எழுதச் சொல்லுதீரு?" பாபநாசம் கொடுத்த புகாரை மட்டும் பிள்ளை சொன்னதன்பேரில் மூடிவிட்டார்கள்.

எனக்குக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்றார்கள்.

வெளியே வந்து நின்றேன். எங்கே போக?

28 மே, வியாழன்

முத்துமாலை வீட்டுக்குப் போனேன். பிள்ளை நேற்றே நேரில் வந்து, தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். முத்துமாலை வர மறுத்துவிட்டாராம்.

வாசலிலேயே நிறுத்தினார்.

"தலை வலிக்கின்னு உம்மகிட்டதான வே வந்து சொன்னேன்?"

"அப்ப எனக்குத் தெரியல அண்ணாச்சி. சத்தியமா தெரியல."

"சரி. அத விடும். எட்டாம் தேதி தெரிஞ்சுதுல்லா? என்னைய அறைஞ்சப்ப நீரு அங்கனதான நின்னீரு?"

ஆமாம் என்றேன்.

"நானே கொன்னுட்டேன்னு நெனச்சேன் வே. ஒவ்வொரு நாளும். மரத்தடிக்குப் போகாம இருந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாகன்னு நெனச்சு நெனச்சு, ஒரு நாள் கெணத்தடி வரைக்கும் போயிட்டேன். எம் மக பின்னாலயே வந்து கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. அந்தப் பதினஞ்சு நாளத் தாரும். மத்தத நான் கேக்கல."

என்னிடம் என்ன இருக்கிறது கொடுக்க?

2 ஜூன், செவ்வாய்

கடையம் போய்க் கருத்தையாவைப் பார்த்து, தப்பு என்னுடையது, முத்துமாலை மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்த காகிதத்தையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "மெய்தான். ஆனா நாங்க வேற இடம் பேசிட்டோமே." திண்டாடிப்போய் எழுந்தபோது மோர் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை.

15 ஜூன், திங்கள்

தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்தில் நாலே நாலு ஃப்ரிட்ஜ். ஞானம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கப் போகிறாள்.

8 அக்டோபர், வியாழன்

சிவசண்முகம் பிள்ளையை டவுனில் பார்த்தேன். எதிரே வந்தார். பார்த்தார். அடையாளம் தெரியாதவர் போலக் கடந்து போனார். கையில் மருந்துப் பை. மிகவும் மெலிந்துவிட்டார்.

11 மே 1993, செவ்வாய்

சேரன்மகாதேவியில் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியில் டிரைவரின் கண்களைப் பார்த்தேன். முத்துமாலை. இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

திருநெல்வேலி வந்து எல்லாரும் இறங்கியபின் நானும் படிக்கு வந்தேன்.

"நில்லும் வே."

நின்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார்.

"மகளுக்கு ஆனியில கல்யாணம். கடையநல்லூர் மாப்பிள்ளை."

"சந்தோசம் அண்ணாச்சி."

"நீரு கடையத்துக்குப் போய்ப் பேசினது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உம்ம வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. நான் வேண்டாம்னேன். கேக்க மாட்டேங்கா." சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "பத்திரிகை வரும். நீரு வராதேயும். என்னால முடியாது."

சரி என்றேன்.

4 ஜூலை 1993, ஞாயிறு

பத்திரிகை போன வாரம் வந்தது. உறையில் ஞானசௌந்தரி என்று மட்டும் எழுதியிருந்தது.

காலையில் அவள் கோயிலுக்குப் போகவில்லை. பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஆழ்வார்குறிச்சி பஸ்ஸுக்குப் போனாள். நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. செருப்பைக் கழற்றினாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன். முத்துமாலை அண்ணாச்சிதான் எனக்கு இலை போட்டாக" என்றாள்.